மரக்கடை ஜீப்பு, குறைகள் இருநூத்திப் பன்னெண்டு

ஏறுங்க தம்பி, பின்னாடி வழியா ஏறுங்க. தலையைக் குனிஞ்சுக்கங்க, அந்தக் கம்பியில போன வாரம் ஒரு கிராம அதிகாரி நல்லா இடிச்சுக்கிட்டாரு. படுக்கையை அங்கிட்டுத் தள்ளி வைங்க. மூங்கிலோடைக்குத்தான? ஓடை வரைக்கும் போற பஸ்ஸுகூட இன்னைக்கு வராது. ரேடியேட்டர் கொதிச்சுப்போயி கீழருந்து ரெண்டாவது வளைவுல நிக்குது, நாங்க பாத்துட்டுத்தான் வர்றோம். புது வாத்தியாரா? அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இந்த ரோடு பிரியிற விலக்குல பெட்டி படுக்கையோட நிக்கிறவரு ஒண்ணு வாத்தியாரு, இல்ல வீட்டோட மாப்பிள்ளை. மாப்பிள்ளைன்னா இவ்வளவு கவலையா நிக்க மாட்டாரு.

ஓட்டுறது என் வீட்டுக்காரி, பவுன்தாய். பயப்படாதீங்க, இந்த ரோட்டுல அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். முப்பத்தொரு வருஷம் இங்க கிராம நர்சா இருந்தவ. மேல ஈஸ்வரின்னு ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கு, அதைப் பாக்கத்தான் போறோம். வாரம் ஒருக்கா போறது.

அவளுக்குப் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. நான்தான் அங்க உக்கார்றதில்ல. வண்டிச் சத்தத்தைப் பின்னாடி உக்காந்து கேட்டாத்தான் சரியாப் புரியும். அவளும் அதைத்தான் சொன்னா, 'நீங்க பின்னாடி உக்காந்து கேளுங்க'ன்னு. முத நாள் முன்னாடி உக்காந்து நாலஞ்சு யோசனை சொன்னேன், அப்பச் சொன்னா.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஊர்ல எல்லாரும் இதை நர்சம்மா வண்டிம்பாங்க. ஆர்.சி. புக்குலயும் அவ பேருதான் இருக்கு. ஆனா இதை முதல்ல பாத்தது நான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

எம்பேரு சௌந்திரபாண்டியன். போடியில வீடு. கவர்மெண்டு ஆபீஸ் ஒண்ணுல வரைபடம் போடுற வேலையில இருந்தேன், எந்த ஆபீஸுன்னு வேண்டாம். முப்பத்திமூணு வருஷம். ஒரு சுவர் எடுக்கணும், ஒரு வாய்க்கா வெட்டணும்னா என் மேசைக்கு வராம எதுவும் நகராது. என் மேசைக்கு வந்தப்புறமும் அவ்வளவா நகராது, அது வேற விஷயம். எஸ்டிமேட்டு சுத்தமா இல்லாம ஒரு செங்கல்லை எடுத்து வைக்கக்கூடாதுங்கறது என் கொள்கை. வீட்லயும் அதேதான். எங்க மூத்த பொண்ணு பொறந்த வருஷம் பவுன்தாய் மாடியில ஒரு ரூம் எடுக்கணும்னு கேட்டா. ஒன்பது வரைபடம் போட்டேன். காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு ரெண்டு வருஷம் குறிச்சு வச்சேன். பொண்ணு கல்யாணமாகித் திருப்பூர் போயிட்டா. ரூமு இன்னும் வரைபடத்துலதான் இருக்கு. நல்ல வரைபடம்.

ரிட்டயராகி மூணாவது வாரம். கதவுக்கு ஒரு சட்டம் வாங்கலாம்னு சுருளிவேல் மரக்கடைக்குப் போனேன். அவரு பின்னாடி கொல்லையில நல்ல தேக்கு கிடக்கு, பாருங்கன்னாரு. போனா, மரத்துக்கு நடுவுல இது நிக்குது.

அப்ப இது வண்டி மாதிரியே இல்ல தம்பி. தகரத்துல கட்டின புத்து மாதிரி இருந்துச்சு. முன் கண்ணாடி கிடையாது. பானெட்டு மேல மரத்தூளு ஒரு சாண் கனத்துக்கு. நாலு டயரும் பாதி மண்ணுக்குள்ள. எங்க தொட்டாலும் துரு விரல்ல ஒட்டிக்கிட்டு வருது. பின் சீட்டுல ஒரு கோழி அடை படுத்திருந்துச்சு. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, சரியா அந்த இடம். அது என்னைப் பாத்த பார்வையில, வண்டி அதோடதுதான்னு தெரிஞ்சுச்சு.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்தின ஜீப்பு. ஃபோர் வீலு. அதாவது, மத்த வண்டிக்கெல்லாம் ரெண்டு சக்கரம்தான் வேலை செய்யும், மிச்சம் ரெண்டும் சும்மா கூட வரும். இதுக்கு நாலும் இழுக்கும். சேத்துல, ஓடையில, பாறையில. கியர் கம்பிக்குப் பக்கத்துல சின்னதா இன்னொரு லிவர் இருக்கு பாருங்க, அதைப் போட்டா நாலும் கிளம்பிரும்.

நான் அப்படியே நின்னுட்டேன். இதை எடுத்து முழுசா புதுசு பண்ணலாமேன்னு தோணுச்சு. ரிட்டயரானவனுக்குக் காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னு ஒரு தவிப்பு இருக்கும், அது உங்களுக்கு இப்பப் புரியாது. அந்தத் தவிப்பு அந்த நிமிஷமே போச்சு.

சுருளிவேல் சொன்னாரு, 'எடுத்துக்கங்க சார். எனக்கு மரம் அடுக்க இடம் வேணும்.'

'யோசிச்சுச் சொல்றேன்'னேன்.

பதினோரு மாசம் யோசிச்சேன்.

சும்மா யோசிக்கல தம்பி, முறையா யோசிச்சேன். காலையில ஏழு மணிக்கு மரக்கடையில இருப்பேன். கையில ஒரு நோட்டு, ஒரு டேப்பு, ஒரு திருப்புளி. ஒவ்வொரு குறையா நம்பர் போட்டு எழுதினேன். ஒண்ணு, முன் கண்ணாடி இல்லை. ரெண்டு, கோழி. இருபத்தோரு நாள்ல கோழி குஞ்சு பொரிச்சு இறங்கிருச்சு, உடனே அந்த நம்பரை அடிச்சுட்டேன். நான் தீர்த்துவச்ச முத குறை அது. துரு எவ்வளவு ஆழம்னு பாக்கத் திருப்புளியால குத்திப் பாப்பேன். குத்தினா ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா அதுக்கு ஒரு நம்பர். அஞ்சாறு மாசத்துல தரையில நின்னு பாத்தா வண்டிக்குள்ள இருந்து வெளிச்சம் வந்துச்சு.

சுருளிவேல் ஒருநாள் மெதுவாச் சொன்னாரு, 'சார், நீங்க பாக்க வர்றதுக்கு முன்னாடி இதுல இத்தனை ஓட்டை இல்ல.'

'ஓட்டை இருந்துச்சு. தெரியாம இருந்துச்சு'ன்னேன். அவருக்கு அது புரியல. முத மாசம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. ரெண்டாவது மாசம் டீ நின்னுபோச்சு. நாலாவது மாசம் அவரு கல்யாணத்துக்குக் காதுகுத்துக்குப் போறப்ப எங்கிட்டச் சாவியைக் குடுத்துட்டுப் போக ஆரம்பிச்சாரு. அவ்வளவு நம்பிக்கை எம்மேல.

பிடிச்சுக்கங்க, இங்க ஒரு பள்ளம் இருக்கு. ஆ... பாத்தீங்களா, குலுக்கலே இல்ல. நூத்தி நாலாம் நம்பர் அது, பின் ஷாக்கு.

எனக்கு ஒரு மெக்கானிக் யோசனை வேணும்னு அமானுல்லா ராவுத்தர் பட்டறைக்குப் போனேன். போடியில பழைய ஜீப்புன்னா அவருதான். அவரு நோட்டை முழுக்கப் பாத்தாரு. பாத்துட்டு, 'சார், வண்டியை வாங்கிட்டு வாங்க, செய்வோம். வாங்காம இருந்தா பேசலாம், ஆனா எனக்கு வேலை கிடக்கு'ன்னாரு. நல்ல மனுஷன்தான், ஆனா திட்டமிடறதுல ஆர்வம் கிடையாது. அப்புறம் நான் போறப்பெல்லாம் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில படுத்திருப்பாரு. கால் மட்டும் தெரியும். நானும் உக்காந்து காலுகிட்டப் பேசிட்டு வருவேன்.

நாலாவது மாசம் பவுன்தாயைக் கூட்டிட்டுப் போயி வண்டியைக் காட்டினேன். அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், சும்மா ஒரு மரியாதைக்கு. நான் எழுபதாம் நம்பர்லருந்து விளக்கிக்கிட்டிருக்கேன், அவ கேக்கவே இல்ல. சேலையை இழுத்துச் செருகிட்டு, மரத்தூள்ல மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில போயிட்டா. ஒரு கல்லை எடுத்து டொக்கு டொக்குன்னு தட்டுறா. பானை வாங்கிப் பழகின கை, தட்டிப் பாக்குறா போலன்னு நெனச்சேன். வெளிய வந்து, 'அடிச்சட்டம், அந்த சேஸு, கெட்டியா இருக்குங்க. தகரம்தான் போயிருக்கு'ன்னா. அப்புறம் டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தா. அந்தச் சின்ன லிவரைப் பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிப் பாத்தா. கண்ணை மூடிக்கிட்டா.

வெயிலு, மயக்கம் வருது போலன்னு ஓடிப்போயித் தண்ணி வாங்கிட்டு வந்தேன்.

'என்ன கலரு அடிக்கலாம்?'னு கேட்டேன், மனசைத் திருப்பறதுக்காக.

'பச்சை.'

பச்சைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா எப்படி? பச்சையில எத்தனை இருக்கு. வீட்டுக்கு வந்து ஏழு வகைப் பச்சையை அட்டையில அடிச்சு, வெயில்ல வச்சு, எது எவ்வளவு வெளுக்குதுன்னு குறிச்சேன். அவளுக்கும் விளக்கிச் சொன்னேன். அவ முருங்கைக்கீரையை ஆஞ்சுக்கிட்டே கேட்டா. 'எப்பங்க வாங்கப்போறோம்?'னு ஒருதரம் கேட்டா. 'அவசரப்படாத'ன்னேன். அப்புறம் கேக்கல.

அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு புது வழக்கம் வந்துச்சு. அமானுல்லா வீடு பட்டறைக்குப் பின்னாடி. அவரு அம்மாவுக்கு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. அதைப் பாக்கணும்னு வாரத்துக்கு மூணு நாள் போவா. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் ஆகும். வரும்போது கையெல்லாம் கறுப்பா இருக்கும். அந்தம்மாவுக்கு முழங்கால் வலி, ஏதோ தைலம் தேய்ச்சு விடுறா போலன்னு நெனச்சேன். சோப்புப் போட்டாலும் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பா. 'பாத்து, உனக்கும் ஒத்துக்காமப் போயிரும்'னு சொன்னேன். 'எனக்கு ஒத்துக்குதுங்க'ன்னா.

பதினோராவது மாசம், ஒரு செவ்வாக்கிழமை. ஏழு மணிக்குப் போறேன், வண்டி இல்ல.

நாலு டயர் இருந்த இடத்துல நாலு குழி. நடுவுல புல்லு வெயில் படாம வெள்ளையா இருக்கு. அவ்வளவுதான். சுருளிவேல் நான் வர்றதைப் பாத்துட்டு உள்ள போகப்பாத்தாரு, பிடிச்சுக் கேட்டேன்.

'குடுத்துட்டேன் சார்.'

'யாருக்கு?'

'பேரு சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க சார்.'

'நான் யோசிச்சுக்கிட்டிருந்தது உங்களுக்குத் தெரியாதா?'

'தெரியும் சார். ஊருக்கே தெரியும்.'

நான் கோபக்காரன் இல்ல தம்பி. நோட்டை மடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மத்தியானம் சாப்பாடு இறங்கல. ராத்திரியும் இறங்கல. பவுன்தாய் தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, ஏதோ சொல்ல வாயெடுத்தா, சொல்லல. ஆறுதல் சொல்லத் தெரியலேன்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த நாளும் ஏழு மணிக்கு மரக்கடைக்குப் போனேன். எங்க போறது வேற? அந்த நாலு குழியையும் பாத்துட்டு வந்தேன். ஒரு வாரம் அப்படிப் போனேன். சுருளிவேல் டீ வாங்கிக் குடுத்தாரு.

ஏழாவது நாள் ஒரு யோசனை வந்துச்சு. வாங்கினவன் யாரா இருந்தாலும் இந்த வண்டியோட குறை அவனுக்குத் தெரியாதே. எங்கிட்ட எல்லாம் எழுதி இருக்கு. எனக்குக் கிடைக்கலேன்னாலும் வண்டி நல்லபடியா எந்திரிக்கணும், இல்லையா? உக்காந்து நோட்டு முழுக்க நல்ல தாள்ல படியெடுத்தேன். இருநூத்திப் பன்னெண்டு குறை. கூட பதினாலு வரைபடம். முன்தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், குறுக்குவெட்டு. மேல ஒரு கடுதாசி. 'அன்புடையீர், தாங்கள் யார் என்று அறியேன்'னு ஆரம்பிச்சு. சுருளிவேல்கிட்டக் குடுத்துச் சேத்துருங்கன்னேன். அவரு அதை வாங்கிட்டு ரொம்ப நேரம் என் முகத்தையே பாத்தாரு.

பத்தாவது நாள் பதில் வந்துச்சு தம்பி.

எனக்கு அது மனப்பாடம். 'ஐயா, தங்கள் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. மிக்க உதவியாக உள்ளது. குறை எண் 87-ல் இடதுபக்க ஸ்பிரிங் பட்டையில் சந்தேகம் என்று குறித்திருக்கிறீர்கள். என்ன சந்தேகம் என்று தெளிவுபடுத்தவும். இப்படிக்கு, வண்டிக்காரர்.'

முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல ஒருத்தரும் எங்கிட்ட ஒரு பாயிண்ட்டைத் தெளிவுபடுத்துங்கன்னு கேட்டது கிடையாது. கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுவாங்க. நான் அன்னைக்கே நாலு பக்கம் பதில் எழுதினேன், படத்தோட. அவரு அதுக்குப் பதில் போட்டாரு. தாங்கள் சொன்னது சரி, மூணாவது பட்டை விரிசல் விட்டிருந்தது, மாத்தியாச்சுன்னு. மூணு மாசம் இப்படி ஓடுச்சு. வெள்ளிக்கிழமை நான் எழுதிக் குடுப்பேன், செவ்வாக்கிழமை சுருளிவேல் பதில் குடுப்பாரு. எழுத்து மட்டும் உருண்டை உருண்டையா காலேஜ் பிள்ளைங்க எழுத்து மாதிரி இருக்கும். பெரிய ஆளுங்க தாங்களா எழுத மாட்டாங்க, சொல்லச்சொல்ல எழுத ஆள் வச்சிருப்பாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

வந்த பதிலையெல்லாம் பவுன்தாய்கிட்டப் படிச்சுக் காட்டுவேன். ஏழு பச்சையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினதுக்கு அவரு என்ன எழுதினாருங்கறீங்க? 'பச்சை போதும்.' அவ்வளவுதான். 'பாத்தியா'ன்னேன், 'ரெண்டே வார்த்தை. முடிவெடுக்கத் தெரிஞ்ச மனுஷன்.' அவ தோசைக் கரண்டியோட நின்னுக்கிட்டிருந்தா.

'நான் சொன்னப்ப ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்தீங்க'ன்னா.

'நீ சொன்னதும் அவரு சொன்னதும் ஒண்ணா? அவரு வண்டியைத் தெரிஞ்சு சொல்றாரு'ன்னேன். 'இப்படி ஒரு ஆளு எனக்கு இத்தனை வருஷமாப் பழக்கமில்லாமப் போச்சே. அவரு சம்சாரம் குடுத்து வச்சவ.'

அவளுக்குப் பொறை ஏறிருச்சு. முதுகைத் தட்டி விட்டேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு இருமினா.

அந்தா, ஓடை. காலைத் தூக்கிக்கங்க தம்பி, தண்ணி வராது, இருந்தாலும் தூக்கிக்கங்க. இப்பச் சின்ன லிவரைப் போடுவா பாருங்க. போட்டா. இந்த உறுமல் இருக்குல்ல, இதைத்தான் சொன்னேன், பின்னாடி உக்காந்தாத்தான் கேக்கும்னு.

என்ன பவுனு? ஒண்ணுமில்ல, அவருதான் கேட்டாரு, சொல்லிக்கிட்டிருக்கேன். 'அந்தத் தம்பியைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க'ங்கறா. உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே? இல்ல. அவ அப்படித்தான்.

மூணு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமைக் காலையில, வாசல்ல ஹாரன் சத்தம். வெளிய வந்தேன். பச்சை ஜீப்பு நிக்குது. சொன்னா நம்பமாட்டீங்க, நான் வரைஞ்ச பக்கவாட்டுத் தோற்றம் அப்படியே தாளை விட்டு இறங்கி வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. புதுப் படுதா. புதுக் கண்ணாடி. பக்கத்து சீட்டுல அமானுல்லா. டிரைவர் சீட்டுல பவுன்தாய்.

எனக்கு முதல்ல தோணினது, அவரு எங்கங்கறதுதான். வண்டிக்காரரு. ரோட்டை அந்தக் கடைசி வரைக்கும் பாத்தேன்.

'ஓனர் வரலையா?'ன்னேன்.

அமானுல்லா குனிஞ்சு எதையோ தேட ஆரம்பிச்சாரு. பவுன்தாய் ஸ்டியரிங்கைத் துடைச்சா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, சொன்னாச் சிரிப்பீங்க. அவரு எம்பொண்டாட்டியை டிரைவரா வேலைக்கு வச்சிருக்காருன்னு தோணுச்சு. இத்தனை கடுதாசி எழுதிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி வைக்கலாம்னு கோபம்கூட வந்துச்சு. அதைச் சொன்னேன். அப்பத்தான் அவ ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினா.

பவுன்தாய், கணவர் பெயர் சௌந்திரபாண்டியன்.

ரெண்டு தரம் படிச்சேன். அப்புறம் உள்ள போயி நாற்காலியில உக்காந்துட்டேன். அவ பின்னாடியே வந்து எதுத்தாப்புல உக்காந்தா. கோபம்னு நெனச்சுட்டா போல. கோபம் இல்ல தம்பி. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கு அந்தச் சிநேகிதரு செத்துப்போன மாதிரி இருந்துச்சு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எழுதினேன்ல. அப்படி ஒரு ஆளே இல்லேன்னா?

'கடுதாசி?'ன்னேன்.

'அமானுல்லா பொண்ணு எழுதுனது. சொன்னது நான்.'

'எம்பத்தேழாம் நம்பரைப் பத்திக் கேட்டது?'

'நான்தான். நீங்க என்ன சந்தேகம்னு எழுதலேல்ல. அடியில படுத்துப் பாத்தும் எனக்குத் தெரியல, அதான் கேட்டேன்.'

'பச்சை போதும்கறது?'

'அதை நான் முதல்லயே சொன்னேன்.'

கையிலருந்த புக்கை மூடி வச்சேன். அப்புறம் கேட்டேன், 'ஏன் எங்கிட்ட மறைச்ச?'

அவ ஒண்ணும் சத்தம் போடல. ஊசி போடறப்பப் பேசுவாளே, அப்படித்தான் பேசினா. 'சொல்லியிருந்தா மூணு வருஷம் ஆகும்ங்க. மூங்கிலோடையில இன்னும் புள்ளத்தாச்சியைக் கட்டில்ல வச்சுத்தான் தூக்கிட்டு வர்றாங்க. அந்த ரோட்டுக்கு இந்த மாதிரி வண்டி மட்டும்தான் ஆகும். நான் சும்மா வீட்டுல உக்காந்திருக்கேன். உங்களுக்கு யோசிக்கிறது பிடிச்சிருக்கு. அதையும் நான் நிறுத்தல. நீங்க எழுதின கடுதாசிக்கெல்லாம் பதில் போட்டேன்ல.'

அப்ப அமானுல்லா வாசல்லருந்து, 'சார், வாங்க, ஒரு சுத்து நீங்க ஓட்டிப் பாருங்க'ன்னு கூப்பிட்டாரு. நல்ல எண்ணத்துலதான் கூப்பிட்டாரு. இங்கதான் ஒரு சின்ன விஷயம் இருக்கு தம்பி. எனக்கு ஜீப்பு ஓட்டத் தெரியாது. காரும் தெரியாது. மொபெட்டுக்கு மட்டும்தான் லைசென்ஸ். பதினோரு மாசத்துல யாரும் அதைக் கேக்கல, நானும் சொல்லல. எஸ்டிமேட்டுல அது வராது.

'அவருக்கு முழங்கால் வலி பாய், நானே ஓட்டுறேன்'னா பவுன்தாய். எனக்கு முழங்கால் வலி கிடையாது. அவளுக்கு அது தெரியும்.

'நீ எங்க ஓட்டப் பழகின?'ன்னேன். சர்வீஸ்ல இருந்தப்ப டிபார்ட்மெண்டு டிரைவர் கத்துக்குடுத்தாராம். ஒருதரம் மேல போயிருந்தப்ப அவருக்குக் குளிர்காச்சல் வந்து எந்திரிக்க முடியல. ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு. பின்னாடி டிரைவரையும் அந்தப் பொண்ணையும் படுக்க வச்சுக்கிட்டு, இவளே மழையில போடி வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கா. இருபது வருஷம் முன்னாடி.

'எங்கிட்டச் சொல்லவே இல்லையே?'

'வந்து சொன்னேன்ங்க. நீங்க மொட்டைமாடியில நின்னு காத்து பாத்துக்கிட்டிருந்தீங்க. இரு, திசை மாறிடும்னு சொன்னீங்க.'

எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அவ பொய் சொல்ல மாட்டா.

கடைசியில பாருங்க, இருநூத்திப் பன்னெண்டுல இருநூத்தி ஒன்பதைச் சரிபண்ணிட்டாங்க. என் பட்டியல் இல்லாம அது நடந்திருக்குமா? அமானுல்லாவே சொன்னாரு, 'சார் எழுதுனதுல பாதி சரியாத்தான் இருந்துச்சு'ன்னு. அவரு யாரையும் அப்படிப் பாராட்டற ஆள் இல்ல. மிச்சம் மூணுல ஒண்ணு கடிகாரம். ஒண்ணு ரிவர்ஸ் லைட்டு. மூணாவது என்னன்னு கேட்டா பவுன்தாய் சொல்ல மாட்டேங்கறா. சிரிக்கிறா.

இந்த ஏழு மாசத்துல இதே வண்டியில பதினோரு பொண்ணுங்களைக் கீழ கொண்டுபோயிருக்கா. எல்லாம் ஆஸ்பத்திரி போயித்தான் பொறந்துச்சு. ஒண்ணே ஒண்ணு நாலாவது வளைவுல பொறந்துச்சு, அதுவும் நல்லா இருக்கு. நான் பின்னாடி உக்காந்து பானெட்டுச் சத்தத்தை... ஏன் நிறுத்துற பவுனு?

யாரோ ஓடி வர்றான். தவசி மாதிரி இருக்கு. தம்பி, இவன்தான் ஈஸ்வரியோட புருஷன், நான் சொன்னேன்ல, அந்த நிறைமாசப் பொண்ணு. அடுத்த வாரம்தான் தேதி குடுத்திருந்தாங்க. பின்னாடி கட்டிலோட நாலு பேரு வர்றாங்க பாருங்க. கேளுங்க அவ கேக்கறதை. 'எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, பன்னீர்க்குடம் உடைஞ்சிருச்சா.' அவ்வளவுதான், ரெண்டே கேள்வி.

இறங்குங்க தம்பி. ஆமா, நம்ம ரெண்டு பேரும்தான். கட்டில்லருந்து அந்தப் பொண்ணை இங்க படுக்க வைக்கணும், கூட அவங்க அம்மா ஏறணும், தவசி முன்னாடி உக்காரணும். உங்க படுக்கையை எடுக்காதீங்க, விரிங்க, இருக்கட்டும், அந்தப் பொண்ணுக்குக் கீழ மெத்துன்னு இருக்கும். உங்களுக்கு ராத்திரிக்கு ஊர்ல யாராவது பாய் தருவாங்க. பெட்டியை மட்டும் எடுத்துக்கங்க. தவசி, தலையைப் பாத்து, கம்பி இருக்கு. மெதுவா. மெதுவா. ஆங்.

இல்ல பவுனு, நான் வாத்தியார் தம்பியோட நடந்து போறேன். நீ போ. மேலருந்து மூணாவது வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கு, வலது பக்கம்... சரி, சரி, உனக்குத் தெரியும். போ.

எப்படித் திருப்பறா பாருங்க. ஒரு முழ ரோட்டுல. அந்தப் பக்கம் பள்ளம்.

போயிட்டா.

ஊரு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். நேரா ஏத்தம்தான். பெட்டியை இப்படிக் குடுங்க, ஒரு கைப்பிடி நான் பிடிச்சுக்கறேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல தண்ணித் தொட்டி இருக்கு, அங்க உக்காந்து இளைப்பாறலாம். இங்கருந்து கீழ ஒன்பது வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் அவ கியர் மாத்துறது மேல வரைக்கும் கேக்கும். முத வளைவு ஆச்சு. ரெண்டாவது... ஆச்சு.

மூணாவதுக்கு இவ்வளவு நேரம் ஆகக்கூடாதே, மண்ணு சரிஞ்ச இடமாச்சே.

கொஞ்சம் நில்லுங்க தம்பி. பேசாம இருங்க, சத்தம் கேக்குதான்னு பாக்கறேன்.